கிணற்றுக்குள் எரிந்த அரிக்கேன்

"கற்பூரம் கொளுத்தி வாளியில வெச்சு கெணத்துக்குள்ள விட்டோம். அணையாம எரிஞ்சுது. எறங்கலாமுங்களா?"

சென்ற பங்குனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, நம் பம்ப்செட் மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குழுவில் பதிவான கேள்வி இது. அதன் கீழே சிலர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். ஒருவர், "எரிஞ்சா ஓகேதான் நண்பா" என்று எழுதியிருந்தார். நான் கண்ணாடியைத் தேடிப் பிடித்து அதைப் படித்தபோது ஏழு மணி ஆகிவிட்டது. என் விரல்கள் அந்தச் சின்ன எழுத்துப் பலகையில் நிதானமாகத்தான் நகரும். அதனால் கேட்டவரையே போனில் கூப்பிட்டேன்.

"தம்பி, கெணத்துக்குள்ள என்ன ஓடுச்சு?"

"பெட்ரோல் பம்புங்க. சேத்துத் தண்ணி எறைக்கறதுக்கு. நேத்து பூரா ஓடுச்சுங்க."

"எங்க வெச்சு ஓட்டுனீங்க?"

"உள்ளாரதாங்க. பாறத் திட்டு மேல."

"யாராச்சும் எறங்கிட்டாங்களா?"

"இல்லீங்க. எறங்கறவன் செருப்பக் கழட்டிட்டு நிக்கறான்."

"செருப்பப் போட்டுக்கச் சொல்லு."

அன்று யாரும் இறங்கவில்லை. மதியத்துக்கு மேல் கம்ப்ரஷர் வைத்து வெகுநேரம் காற்றடித்த பிறகுதான் இறங்கினார்கள். அதற்குப் பிறகு குழுவில் நீங்கள் பலரும் "ஏனுங்கய்யா? வெளக்குதான் எரிஞ்சுதே?" என்று கேட்டீர்கள். குரல் செய்தியில் சொல்லி முடிக்கிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. நான் தேதி விஷயத்தில் கறாரான ஆள் என்பது உங்களுக்குத் தெரியும். கம்பி சுற்றிக் கட்டி முடித்த ஒவ்வொரு மோட்டாரின் மேலும் எனாமல் பெயின்டில் நாள், மாதம், ஆண்டு எழுதாமல் என் கடையிலிருந்து அனுப்பியதில்லை. உறுதியாகத் தெரியாததன் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவைப்பதும் பழக்கம். இந்தக் கட்டுரையில் மட்டும் நடந்த ஆண்டையும் ஊரின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அந்தக் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். செல்போன் வராத காலம், மழை பொய்த்துப்போயிருந்த சித்திரை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

விளக்கு எரிந்தால் காற்று நல்ல காற்று என்ற நம்பிக்கை பொய்யென்று சொல்லிவிட முடியாது. நாள்பட்ட கிணற்றில், இலையும் சருகும் அழுகிக் கிடக்கிற கிணற்றில், அது பெரும்பாலும் சரியாகவே சொல்லும். அங்கே மூச்சுக்கான காற்று குறைந்திருக்கும். விளக்குக்கும் அதே காற்றுதான் வேண்டும். அதனால் அணையும். இன்ஜின் ஓடிய கிணற்றின் கதை வேறு. அங்கே தேங்குவது கார்பன் மோனாக்ஸைடு. ஆளைச் சாய்க்க அது கொஞ்சம் இருந்தால் போதும். அந்தக் கொஞ்சத்தில் விளக்குக்கு எதுவும் ஆகாது. நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. வெளிநாட்டு நிலக்கரிச் சுரங்கங்களில் சின்னப் பறவைகளைக் கூண்டில் வைத்துக் கொண்டுபோவார்களாம். பறவை கம்பியிலிருந்து விழுந்தால் மனிதன் வெளியே ஓட வேண்டும். இதை நூலகத்தில் பிற்பாடுதான் படித்தேன்.

ஆனால் இன்ஜின் புகையைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். பள்ளிக்கூடம் முடித்த கையோடு கடற்படையில் சேர்ந்து, பதினைந்து வருடம் கப்பல்களின் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவன். அங்கே எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். குள்ளமான உருவம், பெரிய குரல். பெயரை எழுதமாட்டேன், தன் பெயர் எங்கேயும் வருவதை விரும்பாதவர்.

பயிற்சி தொடங்கிய புதிதில், ஒரு நாள் எங்களை ஓர் இரும்புத் தொட்டியின் வாயருகே கூட்டிக்கொண்டு போனார். உள்ளே எங்களில் ஒருவனைப் படுக்கவைத்திருந்தார். எங்களுக்கு அது தெரியாது. திடீரென்று அவன் உள்ளிருந்து, "ஐயோ, மூச்சு முட்டுது!" என்று கத்தினான். பிறகு சத்தமே இல்லை. நான் முதலில் பாய்ந்தேன். எனக்குப் பின்னால் இன்னும் இருவர். நாங்கள் தொட்டிக்குள் காலை வைத்ததும் பின்னாலிருந்து வந்து எங்கள் முதுகில் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டார் அந்த மனிதர்.

"நீ செத்தாச்சு டே. மேல ஏறி வந்து அங்ஙன படு."

"சார், அவனக் காப்பாத்தத்தான..."

"செத்தவன் பேசுவானா? படுன்னேன்."

வெயிலில் சுட்டுக்கொண்டிருந்த இரும்புத் தளத்தில் நாங்கள் மூன்று பேரும் பிணமாகக் கிடந்தோம். இடம் பெயராமல் நின்று, மூச்சுக் கருவியை எடுத்து மாட்டிக்கொண்டு, இடுப்பில் கயிற்றோடு உள்ளே போனவன் ஒரு மந்தமான பையன். அவன்தான் உள்ளே இருந்தவனைத் தூக்கிவந்தான். நாங்கள் கிடந்தபடியே சிரித்தோம். "ஒருத்தன் விழுந்தா ஒருத்தன். பின்னாலயே குதிச்சா எத்தன பேருன்னு கடவுளுக்குத்தான் தெரியும்" என்றார் அவர். அன்று ராத்திரி சாப்பாட்டு வரிசையில், "பொணங்களுக்கு முதல்ல போடுங்கப்பா" என்று கேலி செய்தார்கள்.

அந்த விதியை அப்படித்தான் கற்றேன். சாக்கட்டியும் சிரிப்புமாக, யாருக்கும் எதுவும் ஆகாத ஓரிடத்தில்.

ஊருக்குத் திரும்பி பாலக்கோட்டுப் பக்கம் மோட்டார்களுக்குக் காயில், அதாவது கம்பிச்சுருள், கட்டும் கடை போட்டேன். ஆயில் இன்ஜின் வேலையும் பார்த்தேன். வேலைக்கு அடுத்தபடியாக, உண்மையைச் சொன்னால் சில மாதங்களில் வேலைக்கு முன்பாகவே, வாலிபால். கப்பலில் இருந்தபோது பிடித்துக்கொண்ட பைத்தியம். அக்கம்பக்கத்து ஊர்ப் பையன்களைச் சேர்த்து ஒரு அணி உண்டாக்கினேன். எதிரணிக்காரர்கள் எங்களைப் பார்த்தால், "நேவி செட்டு வந்துட்டாங்கடா! இன்னிக்கு தண்ணி காட்டாம போவமாட்டாங்க" என்பார்கள். எனக்கே ஊரில் நேவி என்றுதான் பெயர்.

அந்த அணியின் உயிர் இரண்டு அண்ணன் தம்பிகள். அண்ணன் முனியப்பன் லிஃப்டர். அதாவது அடிப்பவனுக்கு வாகாகப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன். தம்பி கோவிந்தன் அதை அடிப்பவன். முனியப்பன் அதிகம் பேசமாட்டான். பந்து எங்கே வரப்போகிறது என்பதை முதுகுக்குப் பின்னால் விரலால் காட்டுவான். கோவிந்தன் அதற்கு நேர்மாறு. எகிறி அடித்துவிட்டு, வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவனிடம், "பந்து எங்க போச்சுன்னு பாத்தியா? நீ பாக்கறதுக்குள்ள அது வூட்டுக்கே போயிருக்கும்" என்பான். ஓட்டத்திலும் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஏரிக்கரையை ஒரு சுற்று ஓடி வரச் சொன்னால், மற்றவர்கள் பாதி வருவதற்குள் அவன் திரும்பி வந்து மரத்தடியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பான்.

ஒரு முறை பயிற்சி ஆட்டத்தில் நான் விசில் பிடித்துக்கொண்டிருந்தேன். கோவிந்தன் அடித்த பந்து கோட்டருகே விழுந்தது. புழுதி எழுந்தது. வெளியே என்று விசில் அடித்தேன்.

"அண்ணா, கோட்டு மேலண்ணா! கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?"

"வெளியதான். ஆடு."

"எப்புடிங்கண்ணா வெளிய?"

முனியப்பன் அவன் தோளைத் தட்டினான். "விசில் அடிச்சாச்சு, வுடுடா. அடுத்த பந்த நல்லா தூக்கித் தரேன்." சொன்னபடியே தூக்கிக் கொடுத்தான். அது போதும் கோவிந்தனுக்கு. சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அண்ணன் தம்பிகளுக்குத் தக்காளித் தோட்டம் இருந்தது. காய் பழுக்கும் பருவம். கிணற்றில் தண்ணீர் ஆழத்துக்குப் போய்விட்டது. மேலே இருந்து இன்ஜின் அவ்வளவு ஆழத்துக்கு இழுக்காது. அதனால் அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததைத்தான் அவர்களும் செய்திருந்தார்கள். கிணற்றின் பாதி ஆழத்தில் பாறையைச் செதுக்கித் திட்டு அமைத்து, ஆயில் இன்ஜினை அங்கே இறக்கி, புகைக்குழாயை மட்டும் மேலே நீட்டியிருந்தார்கள். அந்தக் குழாயின் இணைப்பு ஒன்று விட்டுப்போயிருந்தது. எப்போது விட்டது என்று யாருக்கும் தெரியாது. இன்ஜின் விடியற்காலையிலிருந்து ஓடி, டீசல் தீர்ந்து, தானாக நின்றிருக்கிறது.

அன்று சாயங்காலம் காரிமங்கலம் பக்கத்தில் ஓர் ஊரில் மாரியம்மன் பண்டிகைப் போட்டி. எங்களுக்கு அரையிறுதி. வலை என் பொறுப்பு. அதைப் பையில் சுருட்டிப் போட்டுக்கொண்டு, போகிற வழியில் அண்ணன் தம்பிகளின் இன்ஜினுக்கு ஒரு வாஷர் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று காலையிலேயே கிளம்பினேன். மொபெட்டை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வரப்பில் நடந்து போனேன்.

கோவிந்தன் கிணற்று விளிம்பில் குனிந்து நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே! ஏண்ணே, காதுல வுழுவுதா?"

"என்ன கோவிந்தா?"

"டீசல் கேன எடுத்துக்கிட்டு எறங்குச்சுங்கண்ணா. வெளையாட்டு காட்டுது, பேச மாட்டேங்குது."

எட்டிப் பார்த்தேன். திட்டின் மேல் இன்ஜினுக்குப் பக்கத்தில் முனியப்பன் ஒருக்களித்துச் சாய்ந்திருந்தான், தூங்குகிறவன் மாதிரி. அவன் தலைக்கு மேலே, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த அரிக்கேன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுடர் ஆடவே இல்லை. வெயில் படாத அந்த ஆழத்தில் மஞ்சளாக, அழகாக எரிந்தது.

கோவிந்தனுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் காலை வைத்தான். நான் அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தேன். இருவரும் மண்ணில் உருண்டோம்.

"எறங்காதடா! பொக நிக்குது!"

"எங்கண்ணா பொக? வெளக்கு எரியுது பாருங்க!"

"வெளக்கு எரியும். நீ எரியமாட்ட. சொன்னாக் கேளு."

"உடுங்கண்ணா! எங்கண்ணனுங்க அது!"

சத்தம் கேட்டுப் பக்கத்துத் தோட்டத்துச் சின்னப்பன் ஓடிவந்தார். ஐம்பதைத் தாண்டியவர், பீடி குடித்துக் குடித்து நெஞ்சு கரகரத்தவர். கோவிந்தன் என் பிடியிலிருந்து இரண்டு முறை திமிறிவிட்டான். அவனுக்கு இருபத்து நான்கு வயது, எனக்கு நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது முறை திமிறினால் உள்ளே போய்விடுவான் என்று தெரிந்தது. பையிலிருந்து வலை சரிந்து வெளியே கிடந்தது. வலையின் மேல்விளிம்புக் கயிற்றை உருவினேன். சின்னப்பன் பிடித்துக்கொள்ள, கோவிந்தனைக் கிணற்றுமேட்டுப் புங்கமரத்தோடு சேர்த்துக் கட்டினேன். கப்பலில் கற்ற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும்.

ஓடைக்கு அந்தப் பக்கம் கரட்டுக் குன்றில் ஒரு டிராக்டர் கம்ப்ரஷரை வைத்துப் பாறைக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. அந்தக் காற்று கிடைத்தால் குழாய் வழியாகக் கிணற்றுக்குள் அடிக்கலாம். அங்கே போக ஒற்றையடிப் பாதைதான். சின்னப்பனிடம், "ஓடுங்க, கம்ப்ரஷரக் கொண்டாரச் சொல்லுங்க" என்றேன். அவர் ஓடினார். ஓடைக்குள் இறங்கும்போதே அவருக்கு இருமல் வந்துவிட்டது, இங்கே வரை கேட்டது.

நான் புங்கமரத்துக் கிளைகளை வெட்டிக் கட்டாகக் கட்டி, கயிற்றில் விட்டு, கிணற்றுக்குள் மேலும் கீழுமாக இழுத்தேன். தேங்கிய காற்றைக் கலைக்க நமக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். பெண்கள் ஓடிவந்தார்கள். குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றச் சொன்னேன். முனியப்பனின் மனைவி ராஜம்மா தக்காளி பறித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து வந்தாள். கிணற்றைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க நேவிக்காரரே, இவனக் கட்டிப்போட்டுட்டு கெணத்துக்குள்ள தழய ஆட்டிக்கிட்டு நிக்கறீங்களே! அவர யாருங்க தூக்கறது?"

"காத்து வரட்டும்மா. நானே எறங்கறேன்."

"காத்தா? காத்து எங்கிருந்துங்க வருது, பெங்களூருல இருந்தா?"

நான் கிளையை இழுத்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான், விளிம்பில் குடத்தோடு நின்ற சாலம்மா என்ற பெண், "கை ஆடுதுங்க! அவரு கை ஆடுதுங்க!" என்று கத்தினாள்.

கிளையை விட்டுவிட்டுக் குனிந்து பார்த்தேன். நான் கிளையை ஆட்டிய வேகத்தில் அரிக்கேனும் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. இன்ஜினின் நிழல், முனியப்பனின் நிழல், பாறையின் நிழல் எல்லாமே ஆடின. அந்த ஆட்டத்தில் கை அசைந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்பதும் நினைவில்லை.

பின்னால் கோவிந்தன் கத்தியது இன்னும் கேட்கிறது. அவன் இருந்த இடத்திலிருந்து கிணற்றுக்குள் தெரியாது. சாலம்மாவின் குரல் மட்டும்தான் அவனுக்குக் கேட்டது.

"அண்ணா, கை ஆடுதாம்! உசுரு இருக்குதுங்கண்ணா! அவுத்து உடுங்க, உங்க கால்ல வுழுவறேன்!"

நான் அவிழ்க்கவில்லை.

டிராக்டர் சுற்றுவழியில் வந்து சேர்ந்தது. தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட ஒருவர் சைக்கிளில் போயிருந்தார். அவர்கள் வருவதற்கு முன்பே கம்ப்ரஷர் வந்துவிட்டது. குழாயைத் திட்டுவரை விட்டுக் காற்றைத் திறந்தார்கள். முதல் வீச்சிலேயே அரிக்கேன் அணைந்தது. அத்தனை நேரம் கெட்ட காற்றில் எரிந்துகொண்டிருந்த விளக்கு, நல்ல காற்று வந்ததும் அணைந்தது. அந்த நிமிடத்தில் அதைக் கவனித்தது நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

கொஞ்ச நேரம் காற்றடிக்க விட்டு, அக்குளுக்கு அடியில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். முனியப்பனின் உடல் சூடாகத்தான் இருந்தது. அந்தச் சூட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சித்திரை மாதம், பக்கத்தில் விடியலிலிருந்து ஓடிய இன்ஜின். அவனைக் கட்டி மேலே அனுப்பினேன். நான் ஏறி வந்தபோது ராஜம்மா களை வெட்டும் அரிவாளால் வலைக் கயிற்றை அறுத்துவிட்டிருந்தாள். கோவிந்தன் அண்ணனைத் தன் மடியில் போட்டுக்கொண்டிருந்தான். நான் வாயோடு வாய் வைத்து ஊதினேன். அதே டிராக்டரில் ரோட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஒரு வண்டியில் தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். உயிர் இல்லை என்றார்கள்.

சாயங்காலம் ஆட்டம் நடக்கவில்லை. எதிரணிப் பையன்கள் செய்தி கேட்டு, விளையாட்டு உடையிலேயே எங்கள் ஊருக்கு வந்துவிட்டார்கள். சாவு வீட்டு வாசலில் வரிசையாக நின்றார்கள். அவர்களில் ஒருவன் கையில் பந்து இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசிவரை கையிலேயே வைத்திருந்தான்.

அந்த அணி அதற்குப் பிறகு ஆடவில்லை. வேறு பையன்களோடு நான் மறுபடியும் வலை கட்டினேன், போட்டிகள் நடத்தினேன், விசில் பிடித்தேன். கோவிந்தன் ஆட்டக்களத்துப் பக்கமே வரவில்லை. என்னிடம் சண்டை போடவும் இல்லை. இன்று அவன் சொந்தமாக வேன் வைத்து, தக்காளியைப் பாலக்கோடு மார்க்கெட்டுக்கு ஏற்றி வருகிறான். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டான். எதிரே பார்த்தால், "நல்லா இருக்கீங்களா சார்" என்பான். அந்த ஞாயிற்றுக்கிழமைவரை நான் அவனுக்கு அண்ணா. மறுநாளிலிருந்து சார்.

நீங்கள் கேட்கலாம், நான் செய்தது தவறா என்று. தவறில்லை. இன்றைக்கு அதே கிணற்றடியில் நின்றாலும் அவனை இறங்க விடமாட்டேன். அவன் இறங்கியிருந்தால் இரண்டு பிணம் என்று நான் நம்புகிறேன். ஆனால் அதை யாருக்கும் காட்ட முடியாது. பயிற்சித் தொட்டியில் சாக்கட்டிக் குறி இருந்தது. யார் செத்தார், யார் பிழைத்தார் என்று முதுகைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். கோவிந்தனின் முதுகில் எந்தக் குறியும் இல்லை.

பல வருடங்களுக்குப் பிறகு ராஜம்மா என் கடைக்கு வந்தாள். கிணறு போய் போர்வெல் வந்துவிட்ட காலம். மோட்டார் எரிந்துவிட்டது, தக்காளி காய்கிறது, அன்றே வேண்டும் என்றாள். நான் காயில் கட்டி முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி டீயில் அவளாகவே ஆரம்பித்தாள்.

"கோவிந்தன் உங்ககிட்ட பேசறதில்லீங்களா?"

"பேசறான்மா. சார்னு பேசறான்."

"அவன் உசுரோட இருக்கறது உங்களாலதான்னு எனக்குத் தெரியுங்க. அவனுக்கும் தெரியும்." டம்ளரைக் கீழே வைத்தாள். "ஆனா ஒண்ணுங்க. கம்ப்ரஷரக் கூப்படறதுக்கு அந்தச் சின்னப்பன் மாமாவ அனுப்பிச்சீங்களே. அவரு இருமிக்கிட்டே போயிச் சேர்றதுக்குள்ள... கோவிந்தன ஓட உட்டிருக்கலாமுங்களே. ஊர்ல அவன மாதிரி யாரு ஓடுவா?"

"அவன அவுத்து உட்டா கெணத்துக்குத்தாம்மா ஓடியிருப்பான்."

"இருக்கலாமுங்க. நீங்க அவங்கிட்ட சொல்லிப் பாத்தீங்களா?"

சொல்லிப் பார்க்கவில்லை. "கோவிந்தா, உங்கண்ணனுக்கு வேண்டியது காத்து. அது ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்குது. உன்னால மட்டும்தான் சீக்கிரம் கொண்டாற முடியும்" என்று நான் அவனிடம் சொல்லவே இல்லை. 'எறங்காதடா' என்று மட்டும் சொன்னேன். ஏரிக்கரையைச் சுற்றி அவனை எத்தனையோ காலைகள் ஓடவிட்டு, வேகத்தைப் பார்த்துப் பூரித்தவன் நான். அன்றைக்கு அந்தக் கால்களை மரத்தில் கட்டினேன். சொல்லியிருந்தால் கேட்டிருப்பானா, உதறிவிட்டுக் கிணற்றுக்கே போயிருப்பானா, தெரியாது. ராஜம்மாவுக்கும் அது தெரியாது. அவள் கோபமாகவும் கேட்கவில்லை. அந்த மோட்டாரின் மேல் அன்றைய தேதியை எழுதும்போது எழுத்து கோணலாக விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் எழுதினேன்.

இளையவர்களே, உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். இன்ஜின் ஓடிய கிணற்றில் கற்பூரத்தையும் விளக்கையும் நம்பாதீர்கள். காற்றடிக்காமல் இறங்காதீர்கள், இறங்குகிறவனையும் விடாதீர்கள். அவன் உங்களை அடித்தாலும் விடாதீர்கள். இது வரையில் எனக்குக் கப்பலிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அங்கே சொல்லிக்கொடுக்காத ஒன்று உண்டு. பதறி நிற்கிறவனைத் தடுக்கும்போது, அவன் கைக்கோ காலுக்கோ உடனே ஒரு வேலையைக் கொடுங்கள். கயிற்றின் முனையைக் கொடுங்கள், கிளையைக் கொடுங்கள், ஓடிப்போய்க் கொண்டுவர வேண்டிய எதையாவது சொல்லுங்கள். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கட்டுங்கள். அதற்கு முன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சொல்லிப் பாருங்கள். என்னை மாதிரி நாற்பது வருடம் கழித்து மனசுக்குள் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்.

கடைசியாக, இந்தக் குறிப்பில் நான் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருக்கும் ஓர் இடம். ஆஸ்பத்திரிச் சான்றிதழில் சாவின் காரணம் இருந்தது, நேரம் இல்லை. அன்று பார்த்த டாக்டரைத் தேடிப் போனபோது அவர் மாற்றலாகிப் போயிருந்தார். எங்கே என்று சொல்ல ஆள் இல்லை. சாலம்மாவைக் கருமாதியன்று கேட்டேன். "என் கண்ணால பாத்தேனுங்க, வெரலு ஆடுச்சு" என்றாள். மறு வருடம் தீர்த்தமலைக்குப் போகிற பஸ்ஸில் பார்த்தபோது மறுபடியும் கேட்டேன். "வெளக்கு ஆடுச்சுங்களே... அதுவாக்கூட இருக்கும்" என்றாள். அவள் இப்போது இல்லை. அவள் முதலில் சொன்னதை மட்டுமே கேட்டவன் கோவிந்தன். இரண்டாவதாக அவள் சொன்னதை நான் அவனிடம் சொன்னதில்லை. எனக்குச் சாதகமான பதிலை மட்டும் எடுத்துக்கொண்டு போய் நிற்பதாக இருக்கும்.

ஆகவே இதை இப்படியே பதிகிறேன். நான் கோவிந்தனைக் கட்டிவைத்திருந்த நேரத்தில் முனியப்பன் உயிரோடு இருந்தானா என்பது தெரியாது. கிணற்றுக்குள் அசைந்தது கையா, வெளிச்சமா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.